ஒரு விரற்கடைப் புல்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், வெயிலைப் பார்த்துச் சரியும் புல்மேடுகளில், பெருநீலன் என்றொரு பட்டாம்பூச்சி இருந்தது. அந்நாட்டு நீலன்களில் உருவில் பெரியது அதுதான். பெரியது என்றாலும் சிறகை விரித்தால் ஒரு கட்டைவிரல் நீளத்தைத் தாண்டாது. நீலச் சிறகில் பேனாவை உதறியதுபோல் கரும்புள்ளிகள். அரிதான பூச்சி என்பதால் சேகரிப்பாளர்கள் விக்டோரியா காலத்திலிருந்தே அதைத் தேடிப் போய், வலைவீசிப் பிடித்து, ஊசி குத்திப் பெட்டிகளில் அடுக்கினார்கள். எண்ணிக்கை குறையக் குறைய அவர்களுடைய மோகம் கூடியது. இயற்கை ஆர்வலர்களுக்கு இது பொறுக்கவில்லை. பூச்சி மிஞ்சியிருந்த மேடுகளைக் காப்புநிலங்களாக்கினார்கள், வேலியும் போட்டார்கள். வலையோடு வந்தவர்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். ஆடும் மாடும்கூட வெளியே நின்றன. உள்ளே புல் தழைத்தது. பூச்சிக்கு வேண்டிய செடியும் இருந்தது. சில ஆண்டுகளில் பெருநீலன் மட்டும் இல்லை.

வேலி போட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிடிக்கிறவனை நிறுத்தினால் பூச்சி பெருகும் என்று யாரும்தான் நினைப்பார்கள். ஆடு மாடு வாய் வைக்காத புல்வெளி பூச்சிகளுக்குச் சொர்க்கம் என்று இன்றும் பலர் நம்புவது இதே கணக்கில்தான்: புல் உயர்ந்தால் பூ கூடும், பூ கூடினால் பூச்சி கூடும். ஆனால் நம் முழங்காலுக்குத் தெரியும் புல்வெளி வேறு, பூச்சி வாழும் புல்வெளி வேறு. அதன் உலகம் மண்ணிலிருந்து ஒன்றிரண்டு விரற்கடைக்குள் அடங்கிவிடும். அங்கே ஒரு விரற்கடை, அதாவது ஏறத்தாழ 2 செ.மீ., கூடினாலும் குறைந்தாலும் வெயில் மாறும், ஈரம் மாறும், குடியிருப்பவர்களே மாறிவிடுவார்கள். அந்த ஒரு விரற்கடையைத் தீர்மானிப்பது மேயும் வாய். பெருநீலன் எப்படிச் செத்தது, எப்படி மீண்டது என்பதைத் தெரிந்துகொண்டால் மேய்ச்சலைப் பற்றி மற்றதெல்லாம் தானாக விளங்கும் என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் தாய்ப்பூச்சி காட்டுத் தைம் செடியின் மொட்டுகளில் முட்டையிடும். தைம் தரையோடு படரும் சிறு செடி. இலையைக் கசக்கினால் நம் ஓமத்தை நினைவூட்டும் வாசனை எழும்; ஓமத்தின் காரமணத்துக்குக் காரணமான தைமால் என்ற பொருளுக்குப் பெயரே தைம் செடியிலிருந்து வந்ததுதான். முட்டையிலிருந்து வரும் புழு, பூவையும் இளம் விதையையும் தின்று இரண்டு மூன்று வாரம் கழிக்கும். ஒரே பூவில் இரண்டு புழுக்கள் இருந்துவிட்டால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். பிறகு ஒரு மாலைப்பொழுதில் அது செடியை விட்டுத் தரையில் விழும். அப்போது அதன் உடம்பு ஓர் அரிசி மணியைவிடச் சிறியது. அதற்கப்புறம் அது எந்தச் செடியையும் தொடாது.

விழுந்த இடத்திலேயே காத்திருக்கும். அந்த வழியாக ஒரு செவ்வெறும்பு வர வேண்டும். வந்து மீசையால் தடவினால் புழு தன் முதுகிலுள்ள சுரப்பியிலிருந்து ஒரு துளி இனிப்பைக் கசியவிடும். எறும்பு குடிக்கும், மறுபடி தடவும். இந்தப் பால்கறவை சில நேரம் மணிக்கணக்கில் நீளும். கடைசியில் புழு உடம்பை நிமிர்த்தி, தோலை உப்பி, எறும்பின் குஞ்சுப்புழுவைப் போன்ற வடிவத்துக்கு வந்துவிடும். தோலின் மணமும் எறும்புக்குப் பழகிய மணம். தன் வீட்டுப் பிள்ளை எப்படியோ வெளியே வந்து கிடக்கிறது என்று எண்ணியதுபோல எறும்பு அதைக் கவ்விக்கொண்டு புற்றுக்குள் ஓடிவிடும்.

உள்ளே போன புழு, எறும்புகளின் உண்மையான குஞ்சுகளைத் தின்னத் தொடங்குகிறது. ஒன்பது பத்து மாதம் இருட்டில் இதே வேலை. பூச்சியாகும்போது இருக்கும் எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் அங்கே, அந்தக் குஞ்சுகளின் கறியால் சேர்ந்தது. ஒரு பெருநீலன் உருவாக இருநூறுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் வேண்டும். ஆகவே பல நூறு வேலைக்கார எறும்புகள் உள்ள புற்றாக இருக்க வேண்டும். ஒரே புற்றுக்குள் நான்கைந்து புழுக்கள் போய்விட்டால் குஞ்சுகள் தீர்ந்து எல்லாமே பட்டினியில் சாகும். இதன் நெருங்கிய உறவான இன்னொரு நீலனின் புழு, ராணி எறும்பு எழுப்பும் ஒலியையும் போலி செய்து மரியாதையாக நடத்தப்படுகிறது என்று 2009இல் கண்டுபிடித்தார்கள். தன்னை ஏமாற்றுகிறவனுக்கே எறும்பு ராஜ உபசாரம் செய்கிறது. ஜூனில் ஒரு காலைப்பொழுதில் பூச்சி கூட்டை உடைத்து, புற்றின் வழிகளில் ஊர்ந்து வெளியேறி, ஒரு புல்தண்டில் ஏறிச் சிறகை உலர்த்தும்.

இந்தக் கதையின் பெரும்பகுதி முதல் உலகப் போர்க்காலத்திலேயே தெரிந்துவிட்டது. 1915இல் சாப்மன் என்ற மருத்துவர் தைம் செடி ஒன்றைப் பிடுங்கியபோது அடியில் எறும்புகளுக்கு நடுவே கொழுத்த புழுவைக் கண்டார். ஃப்ரோஹாக் என்ற பூச்சியியலாளரும் கேப்டன் பியூர்ஃபாய் என்பவரும் அக்ரூட் கொட்டை ஓட்டுக்குள் எறும்புகளைக் குடிவைத்து, புழுவை வளர்த்து, பூச்சியாக்கியே காட்டினார்கள். எல்லாம் தெரிந்திருந்தது. தைம் வேண்டும் என்று தெரியும், செவ்வெறும்பு வேண்டும் என்று தெரியும். காப்புநிலங்களில் இரண்டும் இருந்தன. பூச்சி மட்டும் ஒவ்வொரு மேடாக அணைந்துகொண்டே வந்தது. அறுபது ஆண்டுகளாக நீடித்த இந்தப் புதிரை நினைக்கும்போது, பாதி தெரிந்த அறிவு எவ்வளவு நம்பிக்கையாகத் தவறு செய்யும் என்று எனக்குத் திகைப்பாக இருக்கிறது.

1972இல் ஜெரமி தாமஸ் என்ற இளம் ஆய்வாளர் களத்தில் இறங்கியபோது பெருநீலன் மிஞ்சியிருந்தது ஓரிரு இடங்களில்தான். டார்ட்மூர் விளிம்பிலிருந்த கடைசிக் கூட்டத்தோடு கோடைக்குக் கோடை அவர் கிடந்தார். எத்தனை முட்டை, அதில் எத்தனை புழு, எத்தனை புழு புற்றுக்குள் போகிறது, எத்தனை பூச்சியாக வெளிவருகிறது என்று பிறப்பு இறப்புக் கணக்கு எழுதுவதுபோல எழுதினார். சேகரிப்பாளர்களின் வலையால் வந்த இழப்பு பெரிதாகத் தெரியவில்லை. முட்டைப் பருவத்திலும் பூவிலிருக்கும் பருவத்திலும் பெரிய சேதமில்லை. புற்றுக்குள் போன பிறகுதான் சாவு. அதிலும் எல்லாப் புற்றிலும் ஒரே மாதிரி இல்லை.

எல்லாரும் செவ்வெறும்பு என்று ஒரே பெயரால் அழைத்தது ஓர் இனமாக இருக்கவில்லை. மிர்மிக்கா என்ற பேரினத்தில் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் பல இனங்கள் அந்தப் புல்வெளியில் இருந்தன. எந்த இன எறும்பு முதலில் கண்டாலும் புழுவைத் தூக்கிப் போய்விடும். ஆனால் மிர்மிக்கா சாபுலேட்டி என்ற ஓர் இனத்தின் புற்றுக்குள் போனால்தான் புழு பிழைத்து வரும் வாய்ப்பு அதிகம். மற்ற இனங்களின் வீட்டில் அதன் வேஷம் கலைந்துவிடும், பெரும்பாலானவை கொல்லப்பட்டன. பெருநீலன் குலம் தழைக்க, தைம் செடிக்குச் சில அடி தூரத்துக்குள் இந்த ஓர் எறும்பின் புற்று இருந்தாக வேண்டும்.

இந்த எறும்புக்கோ சூடான மண் வேண்டும். இங்கிலாந்து போன்ற குளிர்நாட்டில் அது வாழும் இடம் தெற்கு நோக்கிய சரிவு, அதிலும் புல் 1 முதல் 3 செ.மீ. வரை மட்டும் உயர்ந்த தரை. நம் அளவில் ஒரு விரற்கடை, மிஞ்சினால் ஒன்றரை. அந்த உயரத்தில் வெயில் நேராக மண்ணைச் சுடும். புல் இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் மண்ணில் நிழல் விழுந்து வெப்பம் இரண்டு மூன்று டிகிரி இறங்கிவிடும். நமக்கு அது ஒன்றுமேயில்லை. எறும்புக்கு அது ஊரை விட்டே போகச் சொல்லும் அறிவிப்பு. சாபுலேட்டி காலி செய்த இடத்தில், குளிர்ச்சியைப் பொறுக்கும் ஸ்காபிரினோடிஸ் என்ற உறவினம் குடியேறும். தைம் பூத்திருக்கும், தாய்ப்பூச்சி வழக்கம்போல முட்டையிடும், புழுவை எறும்பு வந்து தூக்கிப்போகும். மேலே நின்று பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக நடப்பதுபோலத்தான் இருக்கும். பிள்ளை போன வீடுதான் வேறு.

இதே எறும்பு தெற்கே வெப்பமான நாடுகளில் உயர்ந்த புல்லுக்குள் வாழ்கிறது. அங்கே புல்லை ஒட்ட மேய்த்தால் மண் அதற்கு அளவுக்கு மீறிச் சுட்டுவிடும். அதனால் புல்லைக் குட்டையாக வைத்தால் பூச்சிக்கு நல்லது என்று இதிலிருந்து விதி எழுதிவிட முடியாது. எறும்பு புல்லை அளப்பதில்லை. மண்ணின் சூட்டை அளக்கிறது. புல் அந்தச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் போர்வை மட்டுமே.

அப்படியானால் நூற்றாண்டுக் கணக்கில் அந்தப் போர்வையை மெலிதாக வைத்திருந்தவர் யார்? ஆடு மாடுகள் பாதி, முயல்கள் பாதி. முயல் இங்கிலாந்துக்குச் சொந்தப் பிராணியல்ல. இறைச்சிக்கும் தோலுக்குமாக நார்மன்கள் காலத்தில் கொண்டுவந்து பட்டி அடைத்து வளர்த்தது, தப்பிப் போய்க் காட்டிலும் மேட்டிலும் பெருகியது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் செங்குத்தான, மண் ஆழமில்லாத மேடுகளில் மந்தை மேய்ப்பது கட்டுப்படியாகாமல் உழவர்கள் கைவிட்டார்கள். அதன் பிறகும் சில மேடுகளில் முயல்தான் புல்லைக் கரம்பிக்கொண்டிருந்தது. அதற்கும் முடிவு வந்தது, பிரான்சிலிருந்து. மயெபுவா என்ற ஊரில் தன் பண்ணையை முயல்கள் பாழாக்குவது பொறுக்காத அர்மான்-டெலீல் என்ற மருத்துவர், 1952 ஜூனில் இரண்டே இரண்டு முயல்களுக்கு மிக்சோமடோசிஸ் என்ற நோய்க்கிருமியைச் செலுத்தி விட்டார். பண்ணைச் சுவருக்குள் அடங்கிவிடும் என்று நினைத்தார். அது பிரான்ஸ் முழுவதும் பரவி, மறு ஆண்டே கடல் தாண்டி இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தலைகாட்டியது. சில ஆண்டுகளில் பிரிட்டனின் முயல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது செத்தன. மேடெங்கும் புல் எழுந்தது. ஒரு மருத்துவர் தன் தோட்டத்துக்காகச் செய்த காரியம், அவர் பெயரே கேட்டிராத ஒரு பட்டாம்பூச்சியின் மேல் போய் விழுந்தது.

தாமஸ் விடையைக் கண்டடைந்தபோது காலம் கடந்துவிட்டது. கடைசி மேட்டில் மறுபடி மேய்ச்சலைக் கொண்டுவந்தார்கள், எறும்பும் மீளத் தொடங்கியது. அதற்குள் 1976இன் கடும் வறட்சி வந்து, இருந்த சில பூச்சிகளையும் நலித்துவிட்டது. 1979இல் பெருநீலன் பிரிட்டனில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. நோய் இன்னதென்று தெரிந்து மருந்து கையில் எடுத்த நேரத்தில் நோயாளி கண்மூடினார். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆனால் பூச்சி மற்ற நாடுகளில் இருந்தது. 1983இல் சுவீடனின் ஓலாண்ட் தீவிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து, மேய்ச்சலால் பக்குவப்படுத்திய ஒரு மேட்டில் விட்டார்கள். தாமஸும் டேவிட் சிம்காக்ஸ் என்ற தோழரும் இதற்காகப் பல பத்தாண்டுகள் உழைத்தார்கள். பிறகு சாமர்செட்டில் கிரீன் டவுன், கொல்லர்ட் ஹில் என்று ஒவ்வொரு மேடாகப் பூச்சி பரவியது. 2022 கோடையில் பன்னிரண்டு இடங்களில் ஏறத்தாழ 20,000 பெருநீலன்கள் பறந்தன. நூற்றைம்பது ஆண்டுகளில் அப்படியொரு கோடை வாய்த்ததில்லை என்றார்கள். இத்தனைக்கும் அடிப்படை மருந்து மேய்ச்சல். அதுவும் மருந்துச்சீட்டு எழுதுவதுபோல நாள் குறித்து, அளவு குறித்த மேய்ச்சல். வசந்தத்தில் மந்தையை விட்டுப் புல்லை இறக்குவார்கள். தைம் மொட்டு விடும் காலத்தில் வெளியே ஓட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால் பூவோடு முட்டையும் ஆட்டின் வயிற்றுக்குப் போய்விடும். இலையுதிர் காலத்தில் மறுபடி உள்ளே.

இங்கே எந்த மந்தை என்பதும் முக்கியம். மேய்ச்சல் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே தவிர, ஒவ்வொரு வாயும் ஒவ்வொரு கருவி. வெள்ளாடு தலை தூக்கித் தழையைக் கடிக்கும், செம்மறி தலை குனிந்தபடி தரையைக் கரம்பும் என்பது ஆடு மேய்க்கும் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை. நாக்கால் ஒரு பிடி புல்லைச் சுருட்டிப் பிடித்து இழுத்து அறுக்கும். அதனால் மண்ணை ஒட்டி மேய அதற்கு முடியாது; மேய்ந்த இடமும் மேடு பள்ளமாக, அங்கொரு குத்து இங்கொரு குத்தாக இருக்கும். செம்மறியின் உதடு மெல்லியது, பிளவுபட்டது. அது பொறுக்கித் தின்னும். எதைப் பொறுக்கும் என்றால், சத்துள்ள பூவையும் மொட்டையும் முதலில் பொறுக்கும். கோடையில் செம்மறி அடர்ந்து மேய்ந்த வெளி பச்சைக் கம்பளமாகக் கண்ணுக்கு இதமாக இருக்கும். ஒரு தேனீக்கு அங்கே ஒரு வேளைச் சாப்பாடு கிடைக்காது. குதிரைக்கு இரண்டு தாடையிலும் முன்பல் உண்டு. ஓரிடத்தை மொட்டையாக்கிவிட்டு, தான் சாணமிடும் இடத்தைத் தொடாமல் விட்டுவைக்கும்.

வாயோடு குளம்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஈர மண்ணில் மாடு மிதித்த குளம்புக் குழியின் ஓரத்தில் கொஞ்சம் வெறும் மண் தெரியும். அந்த மண் வெயிலில் சீக்கிரம் சுடும். இங்கிலாந்தில் வெள்ளிப்புள்ளித் தாவி என்ற சிறு பட்டாம்பூச்சி, அப்படி வெறும் மண்ணை ஒட்டி நிற்கும் குட்டையான புல்லைத் தேடிப் போய் ஒற்றை முட்டை வைக்கும். முயல்கள் செத்த பிறகு அதுவும் வீழ்ந்தது. 1982இல் 70க்கும் குறைவான இடங்களில்தான் அது இருந்தது. மேய்ச்சலும் முயலும் திரும்பியபோது பூச்சியும் திரும்பியது. வெட்டுக்கிளிகளிலும் பல, முட்டையிட வெறும் மண்ணையும், முட்டையிட்டபின் பறவைக் கண்ணுக்கு ஒளிய உயர்ந்த புல்லையும் கேட்கின்றன. ஒரே பூச்சி ஒரே ஆயுளில் இரண்டு உயரம் கேட்டால் என்ன செய்வது? இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். மாட்டின் தாறுமாறான மேய்ச்சல் அதைத்தான் தருகிறது.

குட்டைப் புல்லால் வாழ்பவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். இங்கிலாந்தின் அதே மேடுகளில் கறுப்பு வெள்ளைச் சிறகோடு பறக்கும் மார்பிள்டு ஒயிட், உயர்ந்த புல்லின் நடுவே முட்டையை உதிர்த்துவிட்டுப் போகும் பூச்சி. ஒட்ட மேய்ந்த இடத்தில் அதற்கு வாழ்வில்லை. காய்ந்த தண்டுக்குள்ளும் விதைத்தலைக்குள்ளும் குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்கும் வண்டுகளும் ஈக்களும் குளவிகளும் ஏராளம். பனிக்காலத்தில் வெளி முழுவதையும் மேய்த்துவிட்டால் அவை தூங்கும் வீட்டோடு மந்தையின் வயிற்றுக்குப் போகும். ஆண்டு முழுவதும், வெளி முழுவதும், ஒரே அளவில் மேயும் மந்தைதான் பூச்சிகளுக்குப் பெருங்கேடு என்பது என் எண்ணம். மேய்ச்சலே இல்லாமல் முள்ளும் புதரும் மூடிவிடுவது அதற்கு அடுத்த கேடு. நம் காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் முள்கிளுவை வேலி அடைத்து, கொழுக்கட்டைப் புல் காட்டைத் துண்டு துண்டாக்கி, ஒன்றில் மேயும்போது இன்னொன்றை ஓயவிடுகிறார்கள். அது மாட்டுக்காகச் செய்யும் ஏற்பாடு. ஓய்வெடுக்கும் துண்டில் பூவும் விதையும் வர இடமிருப்பதால் பூச்சிக்கும் அது வசதியாக அமைகிறது.

மிகை மேய்ச்சல் எல்லாப் பூச்சியையும் குறைக்கும் என்று நினைத்தாலும் தவறு. சீனாவின் உள் மங்கோலியாவில் பெரிய செம்மறி மந்தைகளால் வெளிகள் மொட்டையானபோது, அங்குள்ள ஒரு வெட்டுக்கிளி கட்டுக்கடங்காமல் பெருகியது. தின்னவே புல் இல்லாத இடத்தில் எப்படிப் பெருகும்? ஏரியான் சீஸ் என்ற ஆய்வாளரும் சீன அறிவியலாளர்களும் 2012இல் வெளியிட்ட விடை என்னை மிகவும் யோசிக்க வைத்தது. அளவுக்கு மீறி மேய்ந்த நிலத்தின் செடிகளில் நைட்ரஜன் குறைகிறது. நைட்ரஜன் குறைந்தால் புரதம் குறைவு, மாவுச்சத்தும் சர்க்கரையும் ஒப்பளவில் அதிகம். மாட்டுக்கு அது தரம் கெட்ட தீனி. அந்த வெட்டுக்கிளிக்கோ அதுதான் விருந்து. உரமிட்டுப் புரதம் கூட்டிய புல்லைக் கொடுத்தபோது அது நலிந்தது. நிலத்தைச் சோர்வடையச் செய்யும் மந்தை, தன் புல்லுக்குப் போட்டியாளனைத் தானே ஊட்டி வளர்க்கிறது.

இதுவரை மந்தையின் முன்பக்கத்தைப் பார்த்தோம். பின்பக்கமும் பூச்சி உலகத்தில் அதே அளவு பெரிய விஷயம்.

ஒரு மாடு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை சாணமிடும். நம் நாட்டில் வீட்டுத் தேவைக்கு வாரியது போக மிஞ்சியதைக் கொஞ்ச நாளில் காண முடியாது. சாணி வண்டுகள் உருட்டிக்கொண்டும், அடியில் வளை தோண்டிப் புதைத்தும் தீர்த்துவிடும். இந்த வேலை எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டுமானால் அது நடக்காத நாட்டைப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு 1788இல் முதல் கப்பல்களில் மாடுகள் வந்து இறங்கின. அந்த மண்ணின் வண்டுகள் கங்காருவின் காய்ந்த, சிறிய புழுக்கைக்குப் பழகியவை. மாட்டுச் சாணம் அவற்றுக்கு அந்நியம். சாணம் விழுந்த இடத்தில் காய்ந்து ஓடுகட்டி மாதக்கணக்கில் கிடந்தது, அடியில் புல் செத்தது, ஈரமுள்ள மட்டும் ஈக்கள் முட்டையிட்டன. ஆஸ்திரேலியாவின் புதர் ஈ மனிதர் முகத்தில் மொய்த்த தொல்லை உலகப் பிரசித்தம். ஹங்கேரியிலிருந்து இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே குடியேறிய ஜார்ஜ் போர்னமிசா என்ற பூச்சியியலாளர், இத்தனை சாணம் இப்படிக் கிடப்பதைப் பார்த்தார். தன் ஊரில் பார்த்திராத காட்சி. குறையும் அவருக்கு உடனே புரிந்தது. அவருடைய தூண்டுதலால் அந்நாட்டு அறிவியல் நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. 1965 முதல் 1985 வரை ஆப்பிரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் 43 இனச் சாணி வண்டுகளைக் கொண்டுவந்து விட்டது. நோய் கூடவே வந்துவிடக் கூடாதென்று முட்டைகளை மட்டும் எடுத்து, மேற்பரப்பைக் கழுவிக் கிருமி நீக்கி, கையால் உருட்டிய சாண உருண்டைக்குள் வைத்துப் பொரிக்கச் செய்தார்கள். தாய் வண்டு செய்யும் வேலையை அறிவியலாளர்கள் உட்கார்ந்து செய்தார்கள். அவற்றில் 23 இனங்கள் நிலைத்தன.

வண்டு இருந்தும் சாணம் கிடக்கும் நிலை ஒன்று இருக்கிறது. அதற்குக் காரணம் குடற்புழு மருந்து. ஐவர்மெக்டின் என்ற மருந்து ஜப்பானிய மண்ணில் சதோஷி ஓமுரா கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து வந்தது. அவரும் வில்லியம் கேம்பலும் இதற்காக 2015இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆப்பிரிக்காவில் ஆற்றோரக் குருட்டு நோயிலிருந்து எண்ணற்றவர்களின் கண்ணைக் காத்த மருந்து. அதன் மேல் எனக்கு மரியாதை குறையாது. ஆனால் மாட்டுக்குக் கொடுத்தால் அதில் பெரும்பங்கு உடம்பில் சிதையாமல் சாணத்தோடு வெளியேறும். புழுவைக் கொல்லும் மருந்து, சாணத்துக்குள் வளரும் ஈக்குஞ்சையும் வண்டுக்குஞ்சையும் வேறுபாடு பார்க்காது. வயிற்றில் தொடர்ந்து மருந்து கசியும் குளிகை போட்ட கன்றுகளின் சாணம், வாரங்கள் கழித்தும் மக்காமல் அப்படியே கிடந்ததை வால், ஸ்ட்ராங் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1987இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். மேலே இருந்து பார்த்தால் மாடு இருக்கிறது, புல் சரியான உயரத்தில் இருக்கிறது. சாணத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தால்தான் உள்ளே யாருமில்லை என்று தெரியும். அந்த வண்டுகளை நம்பி, இங்கிலாந்தின் பெரிய லாட வௌவால் போன்றவை இரவில் மேய்ச்சல் தரையைச் சுற்றுகின்றன. எல்லா மாட்டுக்கும் வழக்கமாக மருந்து போடாமல், சாணத்தைச் சோதித்துப் புழு உள்ள மாட்டுக்கு மட்டும், வண்டுகள் பெருகும் பருவத்தைத் தவிர்த்துப் போடலாம். கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை, அவ்வளவுதான்.

பெருநீலனிடம் திரும்புகிறேன். கிளாஸ்டர்ஷரில் ராட்பரோ காமன் என்றொரு மேட்டுவெளி. நம் ஊர் மேய்க்கால் புறம்போக்கு மாதிரி, சுற்றுவட்டாரத்து உரிமைக்காரர்கள் மாடு விடும் பொதுநிலம். அங்கே பெருநீலன் மறைந்து நூற்றைம்பது ஆண்டு ஆகியிருந்தது. ஐந்தாண்டு எறும்புகளைத் தேடி எண்ணி, புதரை வெட்டி, மாடுகளின் மேய்ச்சலை மாற்றிமாற்றிப் பார்த்து, தைம் நட்டு, 2019இல் 1,100 புழுக்களை விட்டார்கள். மறு கோடையில் சுமார் 750 பூச்சிகள் வெளிவந்தன.

அந்தப் பகுதியில் ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் 13ஆம் தேதி மாடுகளுக்கு அடையாளமிட்டு மேட்டில் விடுவது பழைய வழக்கம். கதவு திறந்ததும் குளிர்காலம் முழுக்கத் தொழுவத்தில் கிடந்த மாடுகள் துள்ளிக்கொண்டு புல்லுக்கு ஓடும். அந்த நாளில் மேட்டில் ஒரு பெருநீலனும் கண்ணுக்குத் தெரியாது. குளம்புகளுக்கு ஒரு சாண் கீழே, எறும்புகளின் நடுவில், புழு தின்றதெல்லாம் போதுமென்று கூட்டுப்புழுவாகும் தறுவாயில் இருக்கும்.